அரியா, கட்டா? கிரேக்கக் கதிர்ச் சொற்களைக் கையால் கற்கும் வழி

பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமருடைய போர்க்காவியம் இலியட். அதன் பதினோராம் பாடலில் ஓர் அறுவடை உவமை வருகிறது. செல்வன் ஒருவனுடைய வயலில் இரண்டு வரிசை ஆட்கள் எதிரும் புதிருமாக நின்று, கோதுமையையோ வாற்கோதுமையையோ அறுத்துக்கொண்டே ஒருவரையொருவர் நெருங்குகிறார்கள். போர்க்களத்தில் இரு படைகளும் அப்படித்தான் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்தன என்கிறார் ஹோமர். உவமை முடிகிற இடத்தை முதல் தடவை தமிழாக்கியபோது “கட்டுகள் அடுத்தடுத்து விழுந்தன” என்று எழுதினேன். அகராதியில் இருந்த பொருள்தான். நானாக எதையும் சேர்க்கவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். வாடிப்பட்டிப் பக்கம் குத்தகை நிலத்தில் நாற்பது வருடம் கதிர் அறுத்த கை அது.

“கட்டு எதற்கு விழுகிறது?” என்றாள். “கட்டின கட்டைத் தொப்பென்று போட்டால் மணி உதிர்ந்துவிடாதா? அறுக்கும்போது விழுவது அரி. கட்டுவது அதற்கப்புறம்.”

அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் திராக்மா. ‘பற்று, கைக்குள் பிடி’ என்ற பொருள் தரும் திராஸ்ஸொமாய் என்ற வினையிலிருந்து வந்தது. அறுக்கிறவன் இடது கைக்குள் ஒரு தடவை அடங்குகிற தாள்கள், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கிரேக்கம் ஓர் எழுத்தும் தெரியாது. நான் எட்டு வருடம் படித்திருந்தேன்.

அதற்குப் பிறகு இந்தச் சொற்களை வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து படிக்கும் மூன்று பேருக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவர் இறையியல் மாணவர், இன்னொருவர் தமிழாசிரியர், மூன்றாமவருக்குக் காரணம் ஒன்றும் இல்லை, ஆசைதான். வேதாகமக் கிரேக்கம் படிக்கிறவர்களுக்கும் ஹோமரைத் தொட்டுப் பார்க்க நினைக்கிறவர்களுக்கும் உதவும் என்று முறையை எழுதிவைக்கிறேன்.

முதலில் வைக்கோல் தேடுங்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் என் மாணவர்கள் மூவரும் சோறு தின்றே வளர்ந்தவர்கள், ஓர் அரியைக் கண்ணால் பார்த்ததில்லை. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாறு பிரதானக் கால்வாய்த் தண்ணீரில் இருபோகம் விளையும் வயல்களில் இப்போது பெரும்பாலும் அறுவடை இயந்திரம்தான் இறங்குகிறது. அதன் வயிற்றுக்குள் போய் வெளியே வரும் வைக்கோல் நொறுங்கியிருக்கும், நமக்கு உதவாது. வண்டி இறங்க வழியில்லாத சின்ன வயல்களில் இன்னும் கையறுப்பு உண்டு. அங்கே கேட்டு, நீளம் குறையாத வைக்கோல் இரண்டு கட்டு வாங்கிவாருங்கள். கிடைக்காவிட்டால் கோரை போதும். வாங்கி வந்ததை முற்றத்தில் அவிழ்த்துப் பரப்புங்கள்.

இடது கையால் அள்ளுங்கள். பெருவிரல் நுனி நடுவிரலைத் தொடும் அளவுக்கு மேல் வேண்டாம். வலது கையில் அரிவாள் இருப்பதாக நினைத்து இழுத்து, பிடித்ததைக் காலடியில் போடுங்கள். போடும்போது ‘திராக்மா’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தகரம் ‘பந்து’வில் ஒலிப்பதுபோல, ககரம் ‘தங்கம்’ என்பதில் ஒலிப்பதுபோல. இருபது தடவை போட்டால் இருபது அரி கிடைக்கும், சொல்லும் கைக்கு வந்துவிடும்.

பத்திரிகைகளில் ‘டிராக்மா’ என்று படித்திருப்பீர்களே, 2002இல் யூரோ நோட்டுகள் வரும்வரை கிரேக்க நாட்டில் புழங்கிய பணம், அதுவும் இதே வினையின் பிள்ளைதான். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் காரணம் சொல்கிறார். பழங்காலத்தில் இரும்புக் கம்பிகளைக் காசாக வைத்திருந்தார்கள், ஒரு கைப்பிடிக்குள் ஆறு கம்பி அடங்கும், அதனால் ஆறு ஒபல் (சில்லறைக் காசு) சேர்ந்தது ஒரு திரக்மே. காசுக்குத் திரக்மே, கதிருக்குத் திராக்மா. என் மாணவர்களில் இருவருக்குக் கதிரைவிடக் காசின் வழியாகத்தான் சொல் மனத்தில் நின்றது. அதில் தவறில்லை.

அடுத்து, கிடக்கும் அரிகளைக் குனிந்து பொறுக்கி, இரண்டு கையையும் வளைத்து மார்போடு அணையுங்கள். இது அங்கலிஸ். அங்கலே என்றால் வளைந்த கை. எங்கள் வீட்டில் மாட்டுக்கு ‘ஓர் அணைப்பு வைக்கோல்’ போடு என்போம், அந்த அணைப்பேதான். இது இன்னும் கட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கையை விரித்தால் எல்லாம் சிதறிவிடும்.

இப்போது பிரி, அதாவது வைக்கோலையே முறுக்கித் திரித்த கட்டுக்கயிறு. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஹோமர் பயன்படுத்தும் எல்லெதனோஸ் என்ற சொல்லுக்கு அகராதிகள் ‘கதிர்க்கட்டைக் கட்டும் கயிறு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். கயிறு என்றதும் நமக்குத் தேங்காய் நார்க்கயிறோ நைலான் கயிறோ நினைவுக்கு வருகிறது. சுருட்டுதல், இறுக்குதல் என்ற பொருளுள்ள வினையோடு சேர்த்து இந்தச் சொல்லை விளக்குவார்கள். வைக்கோல் பிரி திரித்துப் பார்த்தவருக்கு அந்த விளக்கம் உடனே புரியும்.

முதல்நாள் இரவே வைக்கோலில் தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். காய்ந்த தாள் முறுக்கினால் ஒடியும், ஊறிய தாள் வளையும். இரண்டு பேர் வேண்டும். என் சிறு வயதில் அப்பத்தா கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஒரு பிடித் தாளை மடித்து அந்த மடிப்புக்குள் ஒரு குச்சியைக் கொடுத்து என்னிடம் தருவாள். நான் குச்சியைச் சுழற்றிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். அவள் இரண்டு விரல் இடுக்கு வழியாகப் புதுத்தாளை ஊட்டிக்கொண்டே இருப்பாள். வேகமாக நடந்தால் பிரி மெலிந்து அறும், மெதுவாக நடந்தால் ஓரிடத்தில் கழுத்துவீங்கிபோலத் தடிக்கும். “பின்னால் பார்க்காதே, என் விரலைப் பார்” என்பாள். நான் பின்னால் பார்த்துப் பார்த்துக் கோழிக்கூண்டின் மேல் விழுந்திருக்கிறேன்.

திரித்ததைத் தரையில் நீட்டிப்போடுங்கள். அதன் மேல் அரிகளைக் குறுக்கே அடுக்குங்கள், கதிர் எல்லாம் ஒரே பக்கம். முழங்காலை வைத்து அமுக்கி, பிரியின் இரண்டு முனையையும் இழுத்து, ஒன்றோடொன்று முறுக்கி, முறுக்கின கொண்டையைப் பிரிக்கு அடியில் சொருகிவிடுங்கள். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சுப் போட்ட கட்டை அவிழ்க்கக் களத்தில் அரிவாள் தேட வேண்டியிருக்கும். சொருகின பிரி ஓர் இழுப்பில் வந்துவிடும். இப்போது உங்கள் முன்னால் கிடப்பது அமல்லா, கதிர்க்கட்டு. கட்டியவர் அமல்லொதேத்தேர், அதாவது அமல்லாவைக் கட்டுகிறவர்.

இவ்வளவும் கையால் செய்த பிறகு இலியட்டின் பதினெட்டாம் பாடலைத் திறங்கள். வீரன் அக்கிலீஸுக்காகக் கொல்லர் தெய்வமான ஹெபைஸ்டஸ் செய்த கேடயத்தில் செதுக்கப்பட்ட காட்சிகளில் ஒன்று அரசனுடைய வயலில் நடக்கும் அறுவடை. 550ஆம் வரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வரிகள்தான். ஒரு வெள்ளைத்தாளில் அந்த வயலை வரையுங்கள். கூலியாட்கள் கூர் அரிவாளோடு அறுத்துக்கொண்டே முன்னேறுகிறார்கள். அவர்கள் அறுத்துப் போகும் வரிசைப் பாதை ஒக்மொஸ், அதை ஒரு கோடாகப் போடுங்கள். கோட்டின் மேல் அரிகள் விழுகின்றன, அங்கே ‘திராக்மா’ என்று எழுதுங்கள். சற்றுப் பின்னால் கட்டுகிறவர்கள் மூன்று பேர். ஹோமர் எண்ணிக்கையோடு சொல்கிறார். அவர்கள் கையில் எல்லெதனோஸ். கட்டுகிறவர்களுக்குப் பின்னால் சிறுவர்கள் அரிகளைப் பொறுக்கி அணைப்பு அணைப்பாகக் கொண்டுவந்து ஓயாமல் கொடுக்கிறார்கள், அங்கே ‘அங்கலிஸ்’ என்று எழுதுங்கள். பொறுக்கும் வேலைக்கே திராக்மாவிலிருந்து ஒரு வினையை வைத்திருக்கிறார் கவிஞர். தமிழில் ‘அரி பொறுக்க’ என்றால் போதும்.

அரசன் செங்கோலைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையருகே பேசாமல், மனம் குளிர நிற்கிறான். குத்தகைக்காரர் மகளான எனக்கு அந்த மௌனத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு இதில் கருத்துச் சொல்ல இடமில்லை, நிற்கட்டும்.

இந்தப் படத்தைப் போட்டு முடித்தவருக்கு ‘கட்டு’ என்ற ஒரே சொல்லால் இந்தப் பத்து வரியைத் தமிழாக்க முடியாது என்பது விளங்கிவிடும். நான் இப்போது வைத்திருக்கும் வடிவம் இது: “அரிகள் சில அறுத்த வழியே வரிசையாகத் தரையில் விழுந்தன, சிலவற்றைக் கட்டுகிறவர்கள் பிரியால் கட்டினார்கள்.” இன்னும் நன்றாகச் செய்ய முடியும். ஆனால் அரி விழுகிறது, பிரி கட்டுகிறது. அந்த மட்டில் சரி.

இனி அகராதியைத் திறக்கலாம். லிடெல்–ஸ்காட் என்ற கிரேக்க–ஆங்கில அகராதி வைத்திருப்பவர்கள் முதலில் தரப்பட்ட பொருளோடு நின்றுவிடாதீர்கள். அதன் கீழே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டுகளுக்குப் போய், சொல்லுக்குப் பக்கத்தில் என்ன வினை நிற்கிறது என்று பாருங்கள். விழுகிறதா, பிடிக்கப்படுகிறதா, இறுக்கப்படுகிறதா, நிற்கிறதா, குவிக்கப்படுகிறதா? வினைதான் அளவைச் சொல்லும். இந்த விதி இல்லாமல் மேலே போனால் அடுத்த இடத்தில் விழுந்துவிடுவீர்கள், ஏனென்றால் திராக்மா என்றால் எப்போதும் அரி என்று நான் சொல்லித்தந்ததுபோல இதுவரை தோன்றியிருக்கும். அப்படி இல்லை.

தியோக்ரிட்டஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர், சிசிலித் தீவின் சிரக்கூஸ் ஊர்க்காரர். அவருடைய பத்தாம் கவிதையில் இரண்டு அறுப்புக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒருவனுக்குக் காதல் வந்து வேலை ஓடவில்லை. மற்றவன் அவனைக் கேலி செய்துவிட்டு, வேலைப்பாட்டு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்று பாடிக் காட்டுகிறான். அதில் வரும் ஒரு வரியின் பொருள் இது: கட்டுகிறவர்களே, இறுக்கிக் கட்டுங்கள், வழியே போகிறவன் ‘அத்திமரத்து ஆட்கள், இவர்களுக்குக் கொடுத்த கூலியும் பாழ்’ என்று சொல்லிவிடப்போகிறான். இறுக்கச் சொல்வது எதை? திராக்மாவை. வினை ‘இறுக்கு’ என்பதால் இங்கே அது அரியாக இருக்க முடியாது, கட்டுதான். கைப்பிடிக்குப் பிறந்த சொல் வளர்ந்து கட்டுக்கும் பெயராகிவிட்டது.

அத்திமரத்து ஆட்கள் என்பதை என்ன செய்வது என்று என் வகுப்பில் ஒரு மாதம் சண்டை நடந்தது. அவர்கள் ஊரில் அத்தி உறுதியில்லாத, ஒன்றுக்கும் உதவாத கட்டை. தமிழாசிரியர் ‘முருங்கைக் கட்டைகள்’ என்று போடச் சொன்னார். கேட்டவுடன் சிரிப்பு வருகிறது, பொருளும் விளங்குகிறது. ஆனால் கிரேக்க வயலில் முருங்கை முளைத்துவிடும். நான் அத்தியையே வைத்தேன். அவர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

அதே பாட்டில் எங்கள் அம்மாவுக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. குவித்த கதிரின் அறுத்த பக்கம் வடகாற்றையோ மேல்காற்றையோ பார்த்திருக்கட்டும், அப்போதுதான் மணி கொழுக்கும் என்கிறது. அந்தக் குவியலுக்கு கொர்த்துஸ் என்று பெயர். அறுத்த பக்கம் என்பதற்குத் தூர்ப்பக்கம் என்று எழுதுங்கள், ‘வெட்டுமுனை’ வேண்டாம். வடகாற்றுக்கு நம்மிடம் வாடை இருக்கிறது, மேல்காற்று அப்படியே இருக்கிறது. நூற்றுக்கு ஒரு தடவைதான் கிரேக்க வரி ஒன்று இப்படித் தானாகத் தமிழில் வந்து உட்காரும். உட்காரும்போது நோண்டாமல் விட்டுவிட வேண்டும்.

வேதாகமம் படிக்கிறவர்களுக்கு இந்த வினை விதி இன்னும் அவசியம். எபிரேய வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கமாயின. ஆதியாகமம் 37இல் யோசேப்பு காணும் கனவில் சகோதரர்கள் வயலில் கட்டுவது திராக்மா. எழுந்து நிமிர்ந்து நிற்பதும் திராக்மா, சுற்றி நின்று வணங்குவதும் திராக்மா. கட்டாத ஒரு பிடித் தாளை நிறுத்திப் பாருங்கள், நிற்காது, சாயும். பிரி போட்டுக் கட்டி, தூரைத் தட்டிச் சமன் செய்தால்தான் நிற்கும். ஆக இங்கேயும் கட்டு. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்த இடத்தில் ‘அரிக்கட்டு’ என்று போட்டார்கள். அரியையும் விடவில்லை, கட்டையும் விடவில்லை. வயல் தெரிந்த யாரோ ஒருவர் அந்த மேசையைச் சுற்றி இருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொள்வது வழக்கம்.

126ஆம் சங்கீதத்தில் அழுதுகொண்டு விதைத்தவர் களிப்போடு சுமந்து வருவதும், உபாகமம் 24இல் வயலில் மறந்துவிட்டு வந்தால் திரும்பப் போய் எடுக்கக் கூடாது என்று விதிப்பதும் திராக்மாவைத்தான். முதலாவது சுமை, எனவே கட்டாக இருக்கலாம். இரண்டாவது அரியா கட்டா என்று வினையை வைத்து முடிவு செய்ய முடியவில்லை. மறந்துபோகக் கூடியது எது என்று அம்மாவிடம் கேட்டேன். “அரியை மறக்கலாம். கட்டை எந்த மடையன் மறப்பான்?” என்றாள். நான் அதை ஏற்றுக்கொண்டேன். நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

புதிய ஏற்பாட்டில் திராக்மா இல்லை. அங்கே மத்தேயு 13:30இல் தெஸ்மே வருகிறது. கட்டு என்ற பொருளுள்ள தெயோ வினையின் சொல், ஆகவே கட்டினது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே கட்டப்படுவது கோதுமை இல்லை, எரிப்பதற்கான களை. தெஸ்மேயில் அளவு பற்றிய சேதி கிடையாது. யாத்திராகமம் 12இல் நிலைக்காலில் இரத்தம் தெளிக்க எடுக்கும் ஈசோப்புச் செடிக் கொத்தும் கிரேக்கத்தில் தெஸ்மேதான், ஒரு கைக்குள் அடங்கும். கீரைக்கட்டும் கட்டு, விறகுக்கட்டும் கட்டு என்று நாம் சொல்வதுபோல. ஆகவே தெஸ்மே வந்தால் பயமில்லாமல் ‘கட்டு’ போடலாம். நான் ஹோமரிடம் செய்த தவறு இங்கே சரியாகிவிடும்.

ஃபாகெலொஸ் என்பதைத் தனியாக வையுங்கள். அது சுள்ளிக்கட்டு, விறகுக்கட்டு, கதிருக்கு வேண்டாம். பிளாட்டீயா ஊரை முற்றுகையிட்டவர்கள் மதிலோரம் போட்டு எரித்தது ஃபாகெலொஸ் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். இன்றைய கிரேக்கத்தில் இதே சொல்லுக்குக் கடித உறை, அலுவலகக் கோப்பு என்று பொருள். அலுவலக அலமாரிகளில் சிவப்பு நாடா கட்டிக் கிடக்கும் காகிதக் கட்டுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

உழவைப் பாடிய பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் தரும் ஒரு காட்சிக்கு மட்டும் வாடிப்பட்டியை விட்டுத் திருமங்கலம், உசிலம்பட்டி மானாவாரிக் காட்டுப் பக்கம் போக வேண்டும். குளிர்கால அயனம்வரை தாமதித்து உழுகிறவனுக்கு என்ன நேரும் என்று எச்சரிக்கிறார். உட்கார்ந்தபடியே அறுப்பாய், கைக்குள் கொஞ்சம்தான் அடங்கும், புழுதி படிய, மகிழ்ச்சியில்லாமல், தலை மாற்றித் தலை வைத்துக் கட்டுவாய், விளைந்ததைக் கூடையில் கொண்டுபோவாய், உன்னைப் பார்த்து வியப்பவர்கள் சிலர்தான். இதில் ‘எதிரெதிராகக் கட்டுதல்’ என்ற சொல்லில் என் மாணவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். குட்டையாகக் காய்ந்துபோன பயிரைக் கட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு சாண் தாளை ஒரே பக்கம் கதிர் வைத்துக் கட்டினால் பிரி நழுவிவிடும். ஒரு பிடி இப்படி, ஒரு பிடி அப்படி என்று மாற்றி வைத்தால்தான் பிடிக்கும். மழை பொய்த்த வருடத்துக் கட்டு அது. கூடைக்கு ஹெசியோட் சொல்லும் ஃபொர்மொஸ் பின்னிய கூடை, கடகப்பெட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சரியாக விளங்கும். தலைச்சுமையாகக் கட்டு வர வேண்டிய வீட்டுக்குக் கடகப்பெட்டியில் கதிர் வந்தால், அந்த வருடம் எப்படிப் போகும் என்று கேட்கத் தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். அமல்லா என்றால் கட்டு என்று மேலே திட்டமாக எழுதினேன். டெலோஸ் தீவைச் சேர்ந்த செமோஸ் என்பவர் வேறு சொல்கிறார். அவர் எழுதியதை அதினேயுஸ் என்ற பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் எடுத்துக் காட்டுகிறார். வாற்கோதுமையின் ஒற்றைக் கைப்பிடியை அமலா என்பார்கள், அவற்றைச் சேர்த்துப் பலவற்றை ஒன்றாக்கிக் கட்டினால் ஊலொஸ் அல்லது இயூலொஸ் என்பார்கள், தானியத் தெய்வமான தெமேத்தர் தேவிக்கே இயூலோ என்று ஒரு பெயர், அவளுக்குப் பாடும் பாட்டுக்கும் இயூலொஸ் என்று பெயர். அதாவது ஹோமரிடம் கட்டாக இருந்தது செமோஸிடம் அரியாக இருக்கிறது.

இதற்காக அகராதியைத் தூக்கி எறிய வேண்டாம். எங்கள் ஊரில் வைக்கோல் படப்பு என்பதை வேறு பக்கத்தில் வைக்கோல் போர் என்கிறார்கள். இரண்டும் ஒன்றே. களத்துச் சொற்கள் இடத்துக்கு இடம் கைமாறும். குறிப்பேட்டில் அமல்லாவுக்கு நேரே ‘ஹோமர்: கட்டு’, ‘செமோஸ்: அரி’ என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று எழுதி வைத்த என் முதல் குறிப்பேட்டை அடுப்பெரிக்கக்கூட அம்மா எடுக்கவில்லை. தாள் வழவழப்பாக இருந்ததாம்.

போர் என்ற சொல் வந்ததால் ஒரு முன்னெச்சரிக்கை. மாடு கட்டிப் போரடித்தால் மாளாது செந்நெல் என்று யானை கட்டிப் போரடித்த அழகான தென்மதுரை என்று இங்கே குழந்தையும் சொல்லும். அந்தப் போர் கதிர் அடுக்கிய போர். புறப்பாடல்களில் வேந்தனை உழவனாகவும் போர்க்களத்தை ஏர்க்களமாகவும் பாடுவதற்கு மறக்களவழி என்று ஒரு துறையே உண்டு. எனவே ஹோமரின் உவமைகளில் கதிர்ப்போர், போர்க்களம் என்று சொல் விளையாட்டு வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். கிரேக்கத்தில் அந்த இரட்டைப் பொருள் இல்லை. நாம் போட்டால் வாசகர் ஹோமரைப் பாராட்டுவார், பாராட்டு நமக்கு வர வேண்டியது.

அடுக்கி வைத்ததற்குக் கிரேக்கத்தில் தேமோனியா. யோபு 5:26இல் களத்துப் போராக வருகிறது. யாத்திராகமம் 8இல் செத்த தவளைகளைக் குவிக்கும்போதும் இதே சொல்லை இரண்டு தடவை அடுக்கிப் போட்டிருக்கிறார்கள், நாம் குவியல் குவியலாக என்பதுபோல. தூற்றி முடித்த தானியக் குவியல் சோரொஸ், நமக்குப் பொலி. எங்கள் களத்தில் பொலியின் உச்சியில் சாணிப் பிள்ளையார் வைப்பார்கள். தியோக்ரிட்டஸின் ஏழாம் கவிதை முடியும் இடத்தில், தெமேத்தர் தேவியின் பொலியில் தூற்றுப்பலகையை நட்டுவைக்கும் பேறு தனக்கு இன்னொரு தடவை வேண்டும் என்கிறான் சொல்கிறவன். தேவி இரு கையிலும் கதிரும் கசகசாப் பூவும் ஏந்திச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கையில் இருப்பதும் திராக்மாதான். வினை ‘ஏந்தி’, இடம் ‘கை’. இந்த இடத்துக்கு அரியும் வேண்டாம், கட்டும் வேண்டாம். கதிர்க்கொத்து என்று போடுங்கள்.

குறிப்பேட்டை அகரவரிசையில் எழுதாமல் வேலை வரிசையில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் கைக்குள் இருப்பவை, அடுத்ததில் தரையில் கிடப்பவை, அப்புறம் அணைப்பு, கட்டு, களம். ஒவ்வொரு கிரேக்கச் சொல்லுக்கும் பக்கத்தில் அது வந்த வரியின் வினையை எழுதுங்கள். தமிழ்ச் சொல்லைப் பென்சிலால் எழுதுங்கள். மாறும்.

பதினோராம் பாடலின் அந்த வரியைத் திருத்தி “அரிகள் நெருக்கமாக விழுந்தன” என்று எழுதி, போன தை மாதம் மறுபடி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, “எல்லாம் சரி, இரண்டு வரிசையும் எதிரெதிரே அறுத்து வந்தால் நடுவில் கடைசிக் குத்தை யார் அறுப்பது? அதைச் சொல்லியிருக்கிறாரா?” என்றாள்.

சொல்லவில்லை.